கூட்டமும் குடலும்

மரம் தின்னும் கறையான் வளர வேண்டுமானால் அவ்வப்போது சட்டையை உரித்தாக வேண்டும். அப்போது மேல்தோல் மட்டும் கழன்று விழுவதில்லை. பின்குடலின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையும் கூடவே உரிந்து வந்துவிடுகிறது. அதுநாள்வரை உள்ளே இருந்து மரத்தைச் செரித்துக் கொடுத்த நுண்ணுயிர்க் கூட்டமும் அந்த உறையோடு போய்விடுகிறது. புதுச் சட்டையில் நிற்கும் கறையானுக்கு வாய் இருக்கிறது, முன்னால் மரமும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தின்றாலும் பட்டினிதான். அது பக்கத்தில் இருக்கும் கறையானின் பின்பக்கத்தை உணர்கொம்புகளால் தட்டுகிறது. தட்டுப்பட்ட கறையான் தன் குடலிலிருந்து ஒரு துளியைக் கசியவிடுகிறது. உயிருள்ள நுண்ணுயிர்கள் நீந்திக்கொண்டிருக்கும் அந்தத் துளியைக் குடித்த பிறகுதான் சட்டை உரித்த கறையானின் வயிறு மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது.

அமெரிக்க உயிரியலாளர் லெமுவேல் கிளீவ்லாண்ட் 1920களில் இதை ஒரு சோதனையால் உறுதிப்படுத்தினார். கறையான்களை அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனில் வைத்தால் அவை உயிர் பிழைக்கின்றன, ஆனால் அவற்றின் குடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரிகள் செத்துவிடுகின்றன. (கறாராகச் சொன்னால் இவை பாக்டீரியாக்களைவிடப் பெரிய வேறு வகை உயிரிகள், ஆனால் கதை ஒன்றுதான்.) அப்படிக் காலியான கறையான்கள் மரத்தைத் தின்றுகொண்டே பசியால் இறந்தன. உயிரிகளைத் திருப்பிக் கொடுத்ததும் பிழைத்துக்கொண்டன. இதிலிருந்து கிளீவ்லாண்ட் 1934இல் துணிச்சலான ஒரு யோசனைக்குப் போனார். தனித்து வாழும் கறையான் அடுத்த சட்டை உரிப்பைத் தாண்டாது. அப்படியானால் கறையான்கள் கூடி வாழத் தொடங்கியதற்கே இந்தத் துளிதான் காரணமாக இருக்குமோ? கறையான்களுக்கு மிக நெருங்கிய உறவான, மரக்கட்டைக்குள் வாழும் ஒருவகைக் கரப்பானும் இதே போலத் தன் குஞ்சுகளுக்குப் பின்குடல் திரவத்தை ஊட்டுகிறது. பரிணாம வரிசையில் கறையான்களே கரப்பான் குடும்பத்தின் ஒரு கிளைதான் என்பதால், அவர் யோசனைக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. சமூக வாழ்க்கை முழுவதையும் ஒரு துளியில் ஏற்றிவைப்பது மிகை என்பதும் உண்மை.

கிளீவ்லாண்டின் கேள்வி பல பத்தாண்டுகள் பூச்சியியலாளர்களிடம் மட்டும் கிடந்தது. டி.என்.ஏ.வை மலிவாகப் படிக்கும் கருவிகள் வந்த பிறகு, ஒரு பிடிச் சாணத்திலிருந்து அதில் எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று பட்டியல் போட முடிந்தது. அதன்பின் பபூன், சிம்பன்சி, எலி, தேனீ, வௌவால், மனிதர் என்று எல்லார் வயிற்றையும் ஆராய்ச்சியாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். இப்போது கைவசம் இருப்பவை இரண்டு கேள்விகள். யாரோடு பழகுகிறோம் என்பது நம் உள்ளே வாழும் பாக்டீரியாக்களைத் தீர்மானிக்கிறதா? உள்ளே வாழும் பாக்டீரியாக்கள் நாம் பழகும் விதத்தைத் தீர்மானிக்கின்றனவா? முதல் கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடை உறுதியானது. இரண்டாவதற்கு விடை இன்னும் தள்ளாடுகிறது. பத்திரிகைத் தலைப்புகளில் அடிபடுவதோ பெரும்பாலும் இரண்டாவதுதான்.

முதலில் ஒரு பாக்டீரியாவின் இடத்திலிருந்து பார்க்கலாம். பெருங்குடல் இருட்டானது, வெதுவெதுப்பானது, ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாதது. அங்கே வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதிக்கு ஆக்சிஜன் நஞ்சு. நமக்கு உயிர்மூச்சாக இருக்கும் காற்று அவற்றுக்கு எமன். ஒரு வயிற்றுக்கும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு வயிற்றுக்கும் இடையே உள்ள இரண்டடி தூரம் அவற்றுக்குப் பாலைவனம். சில வகைகள் தடித்த ஓட்டுக்குள் சுருண்டு வித்து வடிவில் பயணம் செய்யும். அந்த வசதி இல்லாதவை விரைவாகப் போய்ச் சேர வேண்டும். கையிலிருந்து வாய்க்கு, தோலிலிருந்து நாக்குக்கு, வாயிலிருந்து வாய்க்கு. ஒரு விலங்கு இன்னொரு விலங்கைத் தொடும் ஒவ்வொரு முறையும் அவற்றுக்கு ஒரு பஸ் கிளம்புகிறது.

கென்யாவில், கிளிமஞ்சாரோ மலையின் நிழலில் அம்போசெலி என்ற சமவெளி இருக்கிறது. 1971 முதல் அங்கே பபூன் குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, பிறப்பு, இறப்பு, சண்டை, உறவு என்று எல்லாவற்றையும் குறித்துவைத்து வருகிறார்கள். பபூன்களின் நாளில் கணிசமான நேரம் பேன் பார்ப்பதில் கழிகிறது. ஒன்று கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடும். இன்னொன்று அதன் முதுகு மயிரை இரண்டு கைகளாலும் வகிடு பிரித்து, உண்ணி தட்டுப்பட்டதும் விரல் நுனியால் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். முதுகு முடிந்ததும் தோள், பிறகு வால் பக்கம். மயிரில் ஒட்டியிருப்பது உண்ணி மட்டும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2015இல் அங்கே இரண்டு கூட்டங்களைச் சேர்ந்த 48 பபூன்களின் சாணத்தை ஆராய்ந்தார்கள். சாணம் சேகரிப்பது எளிது என்று நினைக்க வேண்டாம். இன்ன குரங்கு போட்டது என்று தெரிந்தால்தான் பயன் உண்டு. அதனால் அதன் பின்னாலேயே நடந்து, அது மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். முடிவுகள் அந்தக் காத்திருப்புக்குத் தகுந்தவையாக இருந்தன. ஒரே கூட்டத்தைச் சேர்ந்த பபூன்களின் குடல் பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. கூட்டத்துக்குள்ளும், யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்களோ அவர்களின் வயிறுகள் கூடுதலாக ஒத்திருந்தன. ஒரே உணவு, ஒரே இடம், இரத்த உறவு ஆகியவற்றைக் கணக்கிலிருந்து கழித்த பிறகும் அந்த ஒற்றுமை நிலைத்தது. இப்படிப் பழக்கத்தால் பகிரப்பட்ட பாக்டீரியாக்களில் ஆக்சிஜனைத் தாங்காதவையும் வித்து வடிவம் எடுக்காதவையும் அதிகம். வெளியே தனியாகப் பயணம் செய்யவே முடியாத வகைகள்தான் விரலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன.

பிறப்புக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. அதே அம்போசெலியில், 14 ஆண்டுகளில் 585 பபூன்களிடமிருந்து சேர்த்த 16,234 மாதிரிகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, அளந்த குடல் பாக்டீரியாப் பண்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் மரபணுவின் தடம் இருப்பதைக் காட்டியது. தடம் மெலிதானது. ஆனால் இவ்வளவு மாதிரிகளை அள்ளிக் குவித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. சின்ன ஆய்வுகளை நம்பி 'மரபணுவுக்குச் சம்பந்தமில்லை' என்று முன்பு எழுதியவர்கள் கொஞ்சம் பின்வாங்க வேண்டியிருந்தது.

தான்சானியாவின் கோம்பே காட்டில் ஜேன் குடால் 1960இல் தொடங்கிய சிம்பன்சி ஆய்வு இன்னொரு கோணத்தைத் தருகிறது. சிம்பன்சிகள் எப்போதும் ஒரே கும்பலாகத் திரிவதில்லை. மழைக்காலத்தில் கூடிக் களிக்கும். வறண்ட மாதங்களில் சிறு சிறு குழுக்களாகச் சிதறிவிடும். 40 சிம்பன்சிகளை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், கூடியிருக்கும் காலத்தில் ஒவ்வொன்றின் குடலிலும் பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. குட்டியின் குடல் தாயின் குடலைப் போல இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே அப்படி இல்லை. வளர்ந்த சிம்பன்சியின் வயிறு தன் தாயை எந்த அளவுக்கு ஒத்திருந்ததோ, அதே அளவுக்கு மற்றவர்களையும் ஒத்திருந்தது. தாய் தொடங்கிவைத்ததை ஊர் முடித்துவைத்திருக்கிறது.

இந்த வகை ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு சந்தேகம் நிழலாக வரும். நண்பர்கள் ஒரே இடத்தில் உட்காருகிறார்கள், ஒரே மண்ணை மிதிக்கிறார்கள், ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்கிறார்கள். பாக்டீரியா தொடுதலால் வந்ததா, இடத்தால் வந்ததா? இதைப் பிரித்துக் காட்டியவர்களில் எனக்குப் பிடித்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே வைத்தம் காட்டில் எலிகளோடு வேலை செய்தவர்கள். காட்டெலிகளைப் பிடித்து, தோலுக்கடியில் சின்னஞ்சிறு சிப் பதித்து விட்டுவிட்டார்கள். காட்டின் பல இடங்களில் வைத்த கருவிகள், எந்த எலி எந்த நேரத்தில் வந்தது என்று இரவெல்லாம் குறித்துக்கொண்டன. ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வரும் எலிகளைக் கொண்டு பழக்க வலையை வரைந்தார்கள். ஒரே இடத்துக்கு வெவ்வேறு நேரத்தில் வருகிறவற்றை வைத்து இடத்தின் பங்கைத் தனியே பிரித்தார்கள். 2021இல் வெளியான முதல் ஆய்வில், பழக்க வலையை வைத்தே குடல் ஒற்றுமையை ஊகிக்க முடிந்தது. 2024இல் இன்னும் நுணுக்கமான விடை கிடைத்தது. ஆக்சிஜனைத் தாங்காத பாக்டீரியாக்கள் நேரில் சந்தித்த எலிகளிடையே பரவியிருந்தன. தாங்கக்கூடியவை ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்திய எலிகளிடையேயும் பரவியிருந்தன, மண்ணில் காத்திருந்து ஏறிக்கொண்டிருக்கின்றன. வரும் பாக்டீரியாவின் உடல்வாகே அது வந்த வழியைச் சொல்லிவிடுகிறது.

பூச்சிகளில் இதைச் சோதனையாகவே செய்து பார்க்கலாம். கூட்டுப்புழுப் பருவம் முடிந்து அறையைக் கடித்துக்கொண்டு வெளிவரும் தேனீயின் குடலில் பாக்டீரியா ஏறக்குறைய இல்லை. சில நாட்களில் சகோதரிகளின் தொடுதலாலும் கூட்டில் படிந்திருக்கும் எச்சத்தாலும் அது நிரம்பிவிடுகிறது. நிரம்புகிறவையும் ஏதோ கிடைத்தவை இல்லை. ஸ்னோட்கிராசெல்லா, கில்லியமெல்லா என்று சில குறிப்பிட்ட வகைகளே உலகெங்கும் தேனீக்களின் குடலில் குடியிருக்கின்றன. பூவிலோ மண்ணிலோ அவற்றைத் தேடிப் பயனில்லை. தேனீயிலிருந்து தேனீக்கு மட்டுமே கைமாறும் பரம்பரைச் சொத்து அவை.

அந்தச் சொத்தின் மதிப்பு என்ன என்பதை 2011இல் சூரிச் ஆய்வாளர்கள் பம்பிள் தேனீக்களை வைத்து அளந்தார்கள். புதிதாக வெளிவந்த தேனீக்களில் சிலவற்றைக் கூட்டாளிகளிடமிருந்து பிரித்துச் சுத்தமான சூழலில் வைத்தார்கள். சிலவற்றுக்குக் கூட்டாளிகளின் எச்சம் கிடைக்கும்படி செய்தார்கள். பிறகு இரு தரப்புக்கும் பம்பிள் தேனீக்களைத் தாக்கும் ஒரு குடல் ஒட்டுண்ணியைக் கொடுத்தார்கள். எச்சம் உண்டவை தாக்குப்பிடித்தன. சுத்தமாக வளர்ந்தவற்றின் குடலில் ஒட்டுண்ணி கொழித்தது. கூட்டமாக வாழ்ந்தால் நோய் பரவும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் செலவுக் கணக்கு. அமெரிக்க உயிரியலாளர் மைக்கேல் லொம்பார்டோ 2008இல் எழுதிய கட்டுரையில், இந்தக் கணக்கின் வரவுப் பக்கத்தை யாரும் எழுதவில்லை என்று சுட்டிக்காட்டினார். நல்ல பாக்டீரியா கிடைப்பதும் கூடி வாழ்வதன் ஆதாயங்களில் ஒன்று என்பது அவர் வாதம். பம்பிள் தேனீக்கள் அதற்குச் சாட்சி சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம்.

செலவு இல்லை என்று ஆகிவிடாது. நல்லது வரும் வழியில்தான் கெட்டதும் வருகிறது. சோதனைச்சாலை எலிகளைப் பல தலைமுறைகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. தாயிடமிருந்து குட்டிக்கு இறங்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சாதுவானவை; பக்கத்தில் இருப்பவர்களிடமிருந்து தாவும் வகைகளில் நோய்க்கிருமிகளின் உறவினர்கள் அதிகம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தாய்வழியில் மட்டும் இறங்கும் பாக்டீரியாவுக்கு, குடியிருக்கும் உடல் நன்றாக வாழ்ந்து பிள்ளை பெற்றால்தான் அடுத்த வீடு கிடைக்கும். அடுத்த வீட்டுக்குத் தாவத் தெரிந்ததற்கு அந்தக் கவலை இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு மணம், மூளை என்று இரண்டு பாதிகள். முதல் பாதியில் நிலம் ஓரளவு உறுதியாகவே இருக்கிறது.

கழுதைப்புலியின் வாலுக்கடியில் ஒரு பை உண்டு. உயரமான புல் தண்டைப் பார்த்ததும் அது தண்டின் மேல் கால்களை அகட்டி நடந்து, பின்னங்கால்களை மடக்கி, பையை வெளியே பிதுக்கித் தண்டின்மேல் இழுத்துக்கொண்டு போகும். தண்டில் பசை போன்ற ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதன் வாடை நாட்கணக்கில் நிற்கும். அடுத்து வரும் கூட்டாளி அதை மோந்து பார்த்துவிட்டு, அதே தண்டில் தன் பங்கையும் பூசிவிட்டுப் போகும். இப்படிப்பட்ட பைகளில் வாழும் பாக்டீரியாக்கள் கொழுப்பையும் புரதத்தையும் நொதிக்கச் செய்து மணத்தை உண்டாக்குகின்றன என்று 1970களிலேயே ஊகித்தார்கள். அந்தப் பாக்டீரியாக்களை எண்ணிப் பார்க்க அப்போது வழியில்லை. கென்யாவில் புள்ளிக் கழுதைப்புலிகளையும் வரிக் கழுதைப்புலிகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வு அந்த வேலையைச் செய்தது. பையில் நிறைந்திருந்தவை நொதிக்கச் செய்யும் வகைகள்தான். இரு இனங்களுக்கும் பாக்டீரியாவும் வேறு, வாடையும் வேறு. புள்ளிக் கழுதைப்புலிகளில் ஆண், பெண், கருவுற்றது, பாலூட்டுவது என்று நிலை மாறும்போது இரண்டும் சேர்ந்தே மாறின. ஒரே தண்டில் மாறி மாறிப் பூசும் பழக்கத்தால் கூட்டத்துக்குள் பாக்டீரியா கைமாறி, எல்லோருக்கும் பொதுவான குடும்ப வாடை உருவாகலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம்.

பாலைவன வெட்டுக்கிளி இன்னும் வெளிப்படை. லட்சக்கணக்கில் ஒன்றுகூடிப் பயிரை மொட்டையடிக்கும் இந்தப் பூச்சி, கூட்டத்தைக் கட்டிவைக்கும் வேதிச் சமிக்ஞைகளில் ஒன்றான குவையாகோலைத் தானே தயாரிப்பதில்லை. தின்ற செடியின் மிச்சத்திலிருந்து அதைத் தயாரிப்பவை அதன் குடல் பாக்டீரியாக்கள். பாக்டீரியா இல்லாமல் வளர்த்த வெட்டுக்கிளிகளின் எச்சத்தில் குவையாகோல் இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள். வீட்டுக் கரப்பான்கள் ஒரே இடுக்கில் மொய்ப்பதற்கும் அவற்றின் எச்சத்தில் உள்ள பாக்டீரியா தரும் அமிலங்கள் உதவுகின்றன (2015). தேன்கூட்டின் வாசலில் நிற்கும் காவல் தேனீக்கள் வருகிறவரை மோந்து பார்த்து, நம்மவரா அயலாரா என்று முடிவு செய்யும் அல்லவா? அந்த மேல்தோல் மணத்திலும் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு என்று 2020இல் தெரியவந்தது. ஒரே கூட்டில் வளர்ந்த சகோதரிகளுக்கே வேறு வேறு பாக்டீரியாவைக் கொடுத்தால், மேல்தோல் மணம் பிரிந்துபோகிறது.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பழ ஈக்கள் தங்களைப் போன்ற உணவில் வளர்ந்த துணையையே தேடுகின்றன, அதற்குக் காரணம் பாக்டீரியா, ஒரே தலைமுறையில் இந்த விருப்பம் உருவாகிவிடுகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. புதிய இனங்கள் தோன்றும் வழியே பிடிபட்டுவிட்டது போலப் பலர் எழுதினார்கள். பின்னர் அதே சோதனையைத் திருப்பிச் செய்த வேறு குழுவினருக்கு அந்த விளைவு கிடைக்கவில்லை. முதல் ஆய்வை மேற்கோள் காட்டுகிற அளவுக்கு இரண்டாவதை யாரும் காட்டுவதில்லை.

மூளைக்கு வருவோம். பாக்டீரியாவே இல்லாமல் எலிகளை வளர்க்க முடியும். மூடிய பிளாஸ்டிக் கூடாரம், வடிகட்டிய காற்று, கிருமி நீக்கிய தீனி. அப்படி வளரும் எலிகள் மனஅழுத்தத்துக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுகின்றன என்று ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் கண்டார்கள். ஒரே ஒரு வகை பிஃபிடோபாக்டீரியத்தைக் கொடுத்து அதைச் சரிசெய்யவும் முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து அயர்லாந்தில், இத்தகைய எலிகள் சக எலிகளோடு பழகுவதிலும் தடுமாறுவதைப் பார்த்தார்கள். சோதனை எளிமையானது. மூன்று அறைகள். நடு அறையில் எலியை விடுகிறார்கள். ஒரு பக்க அறையில் காலிக் கூண்டு, மறுபக்கக் கூண்டுக்குள் புதிய எலி. சாதாரண எலி புதிய ஆளிடம் போய் மூக்கை நீட்டும். பாக்டீரியா இல்லாத எலிக்கு அந்த ஆர்வம் குறைவு.

2016இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் செய்த சோதனை இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. கர்ப்ப காலத்தில் கொழுப்பு மிகுந்த தீனி தின்ற தாய் எலிகளின் குட்டிகள் ஒதுங்கியே இருந்தன. அவற்றின் குடலில் லாக்டோபசில்லஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியா வெகுவாகக் குறைந்திருந்தது. அவற்றைச் சாதாரணக் குட்டிகளோடு ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும். சில வாரங்களில் ஒதுங்கியிருந்தவை பழகத் தொடங்கின. பிறகு அந்த ஒரு பாக்டீரியாவை மட்டும் உயிரோடு குடிநீரில் கலந்து கொடுத்தார்கள்; அப்போதும் பழகின. சூடாக்கிக் கொன்று கொடுத்தால் பலன் இல்லை. மூளையில், பிறரோடு பழகுவதில் பங்குள்ள ஹார்மோனான ஆக்ஸிடோசினைச் சுரக்கும் நரம்புச் செல்களின் எண்ணிக்கையும் பாக்டீரியாவோடு சேர்ந்து மீண்டது. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் பேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் ரியூட்டரியின் வேலை நடப்பதில்லை என்று 2019இல் அதே குழுவினர் காட்டினார்கள். கலிஃபோர்னியாவில் இன்னொரு குழு, என்டெரோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகை ஒன்று அழுத்த ஹார்மோனை அடக்கிவைத்து எலிகளைப் பழகவிடுகிறது என்று 2021இல் சொன்னது. தேனீக்களிலும், குடல் பாக்டீரியா உள்ளவை தலையோடு தலை முட்டிப் பழகுவது அதிகம் என்றும், யாரோடும் கலந்துபோகாமல் சிலரோடு மட்டும் நெருங்குகின்றன என்றும் 2022இல் சுவிட்சர்லாந்திலிருந்து செய்தி வந்தது.

எலியில் நடந்ததை மனிதருக்கு ஏற்றும்போதுதான் கால் வழுக்குகிறது. மன இறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடல் பாக்டீரியா வேறுபட்டிருக்கிறது, அதுதான் காரணம் என்ற பேச்சு சில ஆண்டுகள் பலமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானபோது அம்பு திரும்பிவிட்டது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் சில உணவுகளை மட்டுமே ஏற்பார்கள். உணவு சுருங்குவதால் பாக்டீரியா வகைகளும் சுருங்குகின்றன. காரணம் என்று நினைத்தது விளைவாகிவிட்டது. எலிகளின் பதற்றத்தைக் குறைத்துப் புகழ்பெற்ற ஒரு லாக்டோபசில்லஸ் வகையும், ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்தபோது எந்த வித்தியாசத்தையும் காட்டவில்லை. இந்த நிலையில் பெற்றோரின் கவலையை நம்பி விற்கப்படும் மாத்திரைகளைப் பற்றி நான் சொல்ல நினைப்பதை எழுதாமல் விடுகிறேன்.

பாக்டீரியா ஏன் ஒரு விலங்கைப் பழகவைக்க வேண்டும்? கேட்டவுடன் ஒரு கவர்ச்சியான விடை வரும். பழகினால்தான் அதற்கு அடுத்த வயிறு கிடைக்கும், ஆகவே அது பொம்மலாட்டக்காரனைப் போல நூலை இழுக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர் 2017இல் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கி, குடியிருக்கும் உடலைப் பிறருக்கு உதவவைக்கும் நுண்ணுயிர், உதவும்போது நடக்கும் தொடுதலிலேயே பரவிவிடக்கூடும் என்று காட்டினார்கள். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜான்சனும் ஃபாஸ்டரும் 2018இல் எழுப்பிய எதிர்வாதம் எனக்கு வலுவாகத் தெரிகிறது. குடல் ஒரு நெரிசலான ஊர். நூற்றுக்கணக்கான வகைகள் உணவுக்கு அடித்துக்கொள்கின்றன. அதில் ஒன்று தன் சக்தியைச் செலவழித்து மூளையை மயக்கும் சரக்கைத் தயாரித்தால், பலனில் பங்கு எல்லோருக்கும், செலவு அதற்கு மட்டும். செலவழிக்காத அண்டை வீட்டான் அதை முந்திவிடுவான். ஆகவே பாக்டீரியா தன் பிழைப்பைப் பார்க்கிறது, கழிவுகளை வெளியே தள்ளுகிறது. விலங்கின் உடல்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்தக் கழிவுகளை வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்ற தகவல் வந்தால் விலங்கு வெளியே போய்ப் பழகலாம், சரியில்லை என்றால் ஒதுங்கிப் படுக்கலாம். நூலை இழுக்கும் கையைத் தேடாமல், காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் உடலைப் பார்ப்பது சோதனை முடிவுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

மனிதரைப் பற்றி அளந்தவற்றில் சில வேடிக்கையானவை. பத்து விநாடி முத்தத்தில் எட்டுக் கோடி பாக்டீரியா இடம் மாறலாம் என்று 2014இல் நெதர்லாந்தில் கணக்கிட்டார்கள். உருள்சக்கரக் காலணி அணிந்து ஒருவரையொருவர் மோதித் தள்ளும் ரோலர் டெர்பி விளையாட்டில், ஆட்டத்துக்கு முன் ஒவ்வோர் அணியின் மேல்கைத் தோலிலும் தனித்தனி பாக்டீரியாக் கூட்டம் இருந்தது. ஆட்டம் முடிந்தபோது எதிரணிகளின் தோல்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. நாய் வளர்ப்பவர்களின் தோல் பாக்டீரியா, ஊரில் உள்ள மற்ற நாய்களைவிடத் தங்கள் நாயோடு ஒத்துப்போகிறது.

இவற்றைவிடப் பெரிய வேலை பாக்டீரியாவின் குலத்தை, அதாவது ஓர் இனத்துக்குள் பிரியும் தனிக் கிளையை, பார்ப்பது. ஒரே இன பாக்டீரியா இருவரிடம் இருப்பதில் வியப்பில்லை. அந்த இனத்துக்குள் ஒரே குலம் இருவரிடமும் இருந்தால்தான் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனதாகவோ, இருவரும் ஒரே இடத்தில் பெற்றதாகவோ கொள்ள முடியும். 20 நாடுகளிலிருந்து 9,700க்கும் மேற்பட்ட மாதிரிகளைத் திரட்டி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறந்த முதல் ஆண்டில் தாய்க்கும் குழந்தைக்கும் பொதுவான இனங்களில் ஏறக்குறைய பாதி ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒரே வீட்டில் வாழ்பவர்களிடையே இது குடலில் 12 சதவீதம், வாயில் 32 சதவீதம். வயது ஏற ஏறத் தாயின் பங்கு குறைந்து, கூட வாழ்பவர்களின் பங்கு முன்னுக்கு வருகிறது. கோம்பே சிம்பன்சிகள் நினைவுக்கு வருகின்றன.

பின்னர் ஹோண்டுராஸ் நாட்டில், வெளித்தொடர்பு குறைந்த 18 கிராமங்களில் 1,787 பேரிடம் யார் யாரோடு பழகுகிறீர்கள், எப்படி வணக்கம் சொல்லிக்கொள்வீர்கள், எத்தனை முறை சேர்ந்து சாப்பிடுவீர்கள் என்று கேட்டு ஊரின் உறவு வலையை வரைந்தார்கள். வேறு வீட்டில் வாழும், இரத்த உறவில்லாத நண்பர்கள்கூட, பழக்கமில்லாத ஊர்க்காரர்களைவிட அதிகமான குலங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். வலையின் நடுவில் இருப்பவர்களின் குடல் ஊரின் சராசரியைப் போலவே இருந்தது. ஓரத்தில் இருப்பவர்களின் குடல் விலகி நின்றது. ஒரே நேரத்தில் எடுத்த படம் எதையும் நிரூபிக்காது என்பதால், இரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களில் 301 பேரிடம் மறுபடி மாதிரி எடுத்தார்கள். முதல் முறை நட்பில் இருந்த இருவரின் குடல்கள் அந்த இடைவெளியில் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருந்தன.